பிறந்தநாள் சாப்பாடு போடுவதை நிறுத்திவிடலாமா?

திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மகளின் பிறந்தநாளுக்கு 8 வருடமாகப் பக்கத்து ஊர் குழந்தைகள் இல்லத்தில் 40 பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறார்கள். இந்த வருடம் கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர், "நீங்க கொடுக்கக் கொடுக்க இல்லம்தான் வளரும், பிள்ளை வீட்லதான் வளரணும்" என்று சொல்லிவிட்டாராம். அது உண்மையா, மாதம் 3,000 ரூபாய் ஒதுக்க முடிந்தால் எங்கே கொடுப்பது, 10 வயது மகளை இல்லத்துக்குக் கூட்டிப்போவது சரியா என்று மூன்று கேள்விகள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் அடியில் நான்காவதாக ஒன்று இருக்கிறது: இத்தனை வருடம் நான் செய்தது தப்பா? அதற்கு மட்டும் உடனே சொல்லிவிடுகிறேன், தப்பில்லை. அன்றைக்கு 40 பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். மற்றதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

என்னைப் பற்றி ஒரு வரி. சமூகப்பணி படித்துவிட்டு முதல் 6 வருடம் ஓர் இல்லத்திலேயே தங்கி வேலை பார்த்தேன். அதன்பிறகு 12 வருடமாக வீடு வீடாகப் போய் விசாரித்து, இந்தப் பிள்ளை வீட்டுக்குத் திரும்பலாமா கூடாதா என்று குழந்தைகள் நலக் குழுவுக்கு அறிக்கை எழுதும் வேலை. ஆக, இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், இரண்டு பக்கமும் தப்புப் பண்ணியும் இருக்கிறேன். நான் மனநல மருத்துவரோ வக்கீலோ இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த 'அனாதை' என்ற சொல்லை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார். இது உலகம் முழுக்கப் பல நாடுகளில் பார்த்துச் சொன்னது, நம் ஊரிலும் அப்படித்தான். என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தீபாவளி லீவிலோ பொங்கல் லீவிலோ அந்த இல்லத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். 40 பேரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டால், "ஊருக்குப் போயிருக்காங்க" என்பார்கள். ஊர் என்றால் வீடு, வீடு என்றால் ஆள் இருக்கிறது. இன்னொரு அடையாளமும் உண்டு. நான் இருந்த இல்லத்தில் புதுப் பிள்ளைகள் வருடம் முழுக்கப் பரவலாக வந்ததே இல்லை. மே கடைசியிலும் ஜூன் முதல் வாரத்திலும் வாசலில் வரிசை நிற்கும், கையில் தகரப் பெட்டியும் டிசியுமாக. சாவு ஜூன் மாதம் பார்த்தா வருகிறது? அவர்கள் பள்ளிக்கூடத்துக்கும் மூன்று வேளைச் சோற்றுக்கும் வந்தவர்கள்.

ஏன் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று கேட்டால் காரணங்கள் சலிக்கச் சலிக்க ஒன்றேதான். அப்பா இறந்துவிட்டார் அல்லது குடிக்கிறார், அம்மா விடியுமுன் வேலைக்குப் போகிறார். அம்மா மறுமணம் செய்துகொண்டார், வந்தவருக்கு முதல் கல்யாணத்துப் பிள்ளையைப் பிடிக்கவில்லை. குடும்பமே ஆறு மாதம் செங்கல் சூளைக்குப் போகிறது. பாட்டிக்கு முடியவில்லை. வாரக்கடன். பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள், ஒற்றை அறை வீடு, அக்கம்பக்கம் சரியில்லை. பாசம் இல்லாமல் தள்ளிவிட்டுப் போன தாயை இத்தனை வருடத்தில் நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். "ஹோம்ல விட்டா படிச்சிடும்" என்பதுதான் அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். 8 வயதில் ஒரு மகன், 5 வயதில் ஒரு மகள். அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை, காலை ஐந்தரைக்கு மில் வேன் வந்துவிடும். இரண்டு பேரையும் சேர்த்துவிடச் சொல்லி எங்களிடம் வந்தார். உட்காரவைத்துப் பேசப் பேசத் தெரிந்தது, அவருக்கு உண்மையில் முடியாமல் போனது காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரைக்குமான மூன்று மணி நேரம்தான். அந்த மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் பிள்ளைகளை விட அவருக்கு மனமே இல்லை. கணவரின் அம்மா அடுத்த தெருவில்தான் இருக்கிறார், ஆனால் காரியத்துக்கு ஆன செலவில் வந்த சண்டையில் பேச்சு வார்த்தை இல்லை. மூன்று தடவை போய் அந்தக் கிழவியின் திண்ணையில் உட்கார்ந்தோம். முதல் தடவை தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மூன்றாவது தடவை, "பிள்ளைங்கள மட்டும் அனுப்பச் சொல்லு, அவள வரச் சொல்லாத" என்றார். போதும், அதுதான் எங்களுக்கு வேண்டியது. அப்புறம் ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு எழுதினோம், மாதம் 1,200 ரூபாய். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஸ்பான்சர்ஷிப் என்று ஒன்று உண்டு, பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்கத் தரும் உதவித்தொகை, பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய், அதற்கும் எழுதினோம். அரசுத் தொடக்கப்பள்ளியில் காலை உணவு வந்துவிட்டதால் கிழவிக்கு விடியற்காலை அடுப்பு மூட்டும் வேலையும் இல்லை. ஏற்பாடெல்லாம் ஆக நான்கு மாதம் பிடித்தது. பிள்ளைகள் இன்றும் வீட்டில்தான் இருக்கிறார்கள். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்கிறார்களா என்று நான் கேட்கவில்லை.

தோற்றதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். ஒரு பாட்டி, மூன்று பேரப்பிள்ளைகள். உதவித்தொகைக்கு மனுக் கொடுத்தோம். மகனின் இறப்புச் சான்றிதழில் இருந்த இனிஷியலும் ஆதாரில் இருந்த இனிஷியலும் ஒத்துப்போகவில்லை என்று மனு திரும்பி வந்தது, திருத்திக் கொடுத்தோம், மறுபடி வேறு காரணத்துக்காகத் திரும்பி வந்தது. பணம் ஒருவழியாக நிலுவையோடு மொத்தமாக வந்து சேர்ந்தபோது சின்னது இரண்டும் இல்லத்துக்குப் போயிருந்தன, பெரியவள் படிப்பை நிறுத்தியிருந்தாள். எந்த ஆபீஸ், யார் மேஜை என்று இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் திட்டம் காகிதத்தில் இருப்பதற்கும் பாட்டியின் பாஸ்புக்கில் ஏறுவதற்கும் நடுவே உள்ள அந்த ஏழெட்டு மாதத்தில்தான் பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்கள்.

சரி, இல்லத்தில் வளர்ந்தால் அப்படி என்ன கெட்டுவிடும் என்ற கேள்வி வரும். இதில் உறுதியாகத் தெரிந்ததையும் தெரியாததையும் நான் பிரித்துச் சொல்லியாக வேண்டும். உறுதியாகத் தெரிந்தது கைக்குழந்தைகள் விஷயத்தில். ருமேனியாவில் 1966இல் சௌசெஸ்கு ஆட்சி கருக்கலைப்பைத் தடைசெய்தது, வளர்க்க வழியில்லாத பிள்ளைகள் அரசு இல்லங்களில் குவிந்தார்கள், 1989இல் ஆட்சி விழுந்தபோது அந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2000இல் தலைநகர் புக்கரெஸ்டில் சார்லஸ் நெல்சன் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளை, இரண்டரை வயது வரை உள்ளவர்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், மீதிப் பேருக்கு இருந்த ஏற்பாடே தொடர்ந்தது. நாலரை வயதில் பார்த்தபோது குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவுத்திறன் சராசரியாக 8 புள்ளி அளவுக்கு மேலே இருந்தது. இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள், பிந்திப் போனவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. குலுக்கல் போட்டுச் செய்த ஆய்வு என்பதால், 'நல்ல பிள்ளைகளாகப் பொறுக்கி அனுப்பியிருப்பார்கள்' என்று தள்ளிவிட முடியாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை இல்லத்தில் வைத்து வளர்க்கக் கூடாது என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

காரணம் ஆயாக்கள் கொடுமைக்காரர்கள் என்பதில்லை. பலர் தங்கமானவர்கள். ஆனால் காலையில் ஒருவர், மதியம் ஒருவர், ராத்திரி ஒருவர், சம்பளம் போதாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். ஒரு குழந்தை அழுதால் இன்னார்தான் வருவார் என்று அதற்குத் தெரிய வேண்டும், அங்கே யாரோ ஒருவர்தான் வருகிறார், அதுவும் அடுத்த பத்துப் பேரைப் பார்த்துவிட்டு. நீங்கள் சாப்பாடு கொண்டுபோகும்போது வாசலிலேயே ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு, "அங்கிள் தூக்குங்க" என்று ஏறும் நாலு வயதுப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு பாசம் என்று கண் கலங்கியிருக்கும். உங்கள் மகள் நாலு வயதில் முன்பின் தெரியாத ஆளிடம் அப்படி ஓடியிருப்பாளா? அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்திருப்பாள். யாரைக் கண்டாலும் ஒட்டிக்கொள்வதை எங்கள் தொழிலில் எச்சரிக்கையாகத்தான் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தக் கட்டிப்பிடிப்புகளைத் தாங்குவது கஷ்டமாகிவிட்டது.

சந்தேகமான பகுதி, கொஞ்சம் பெரிய பிள்ளைகள். 2009இல் டியூக் பல்கலைக்கழகத்தினர் கம்போடியா, எத்தியோப்பியா, இந்தியா, கென்யா, தான்சானியா ஐந்து நாடுகளில் 6 முதல் 12 வயது வரை உள்ள, பெற்றோரை இழந்த அல்லது கைவிடப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தார்கள். இந்தியாவில் ஹைதராபாத்தும் நாகாலாந்தும். இல்லத்தில் இருந்தவர்கள் ஊரில் உறவினரோடு இருந்தவர்களைவிட மோசமாக இல்லை, சில விஷயங்களில் ஒரு மாற்றுக் கூடுதலாகவே இருந்தார்கள் என்று முடிவு வந்தது. குடும்பம்தான் வேண்டும் என்று பேசுகிற எங்கள் ஆட்கள் பலருக்கு இந்த ஆய்வைப் பற்றிப் பேசப் பிடிக்காது. நான் அதை இப்படிப் படிக்கிறேன்: வறுமையில் கையொடிந்து கிடக்கும் வீட்டோடு ஓரளவு நன்றாக நடக்கும் இல்லத்தை ஒப்பிட்டால் இல்லம் தோற்காது. ஒப்பிட வேண்டியது, அந்த வீட்டுக்கே கை கொடுத்தால் என்ன ஆகும் என்பதை. ஹோமில் விட வரும் அம்மாவின் கணக்கில் நியாயம் இருக்கிறது என்றேனே, அது இதுதான். அவரிடம் இருக்கும் இரண்டே வழிகளில் இல்லம் மேல், அவர் சரியாகத்தான் கணக்குப் போடுகிறார். மூன்றாவது வழி ஒன்று அவர் கண்ணில் படவே இல்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம் மூன்றாவது பிரிவிலேயே, பிள்ளையை நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் ஒரு பிள்ளை கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுவர வேண்டும், பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். இல்லம் நடத்துபவர் தானாகவே ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முடியாது, பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், இல்லை இரண்டும். இந்தக் கறார்த்தனம் வந்ததில் நம் மாநிலத்துக்கும் ஒரு கசப்பான பங்கு உண்டு. மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றி வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியதுதான் உச்ச நீதிமன்றத்தில் 2007இல் பதிவான வழக்கு. அதில் 2017 மே மாதம் வந்த தீர்ப்புதான் நாடு முழுக்க எல்லா இல்லங்களையும் பதிவுக்குள் கொண்டுவரச் சொன்னது. அதையொட்டிய காலத்தில் அரசு எடுத்த கணக்கில் நாட்டில் 9,589 இல்லங்களும் அவற்றில் 3.7 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளும் இருந்தார்கள்.

2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு உட்பட 8 மாநிலங்களுக்கு, இல்லங்களில் உள்ள பிள்ளைகளை 100 நாளில் குடும்பத்தோடு சேர்க்கப் பாருங்கள் என்று எழுதியது. நாட்டில் அப்போது இல்லங்களில் இருந்த 2.56 லட்சம் பிள்ளைகளில் 1.84 லட்சம் பேர் இந்த எட்டு மாநிலங்களில்தான். நோக்கம் சரி. ஆனால் கொரோனா நடுவில், வேலையில்லாத வீடுகளுக்கு, 100 நாளில்! ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதென்றால் குறைந்தது இரண்டு மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போக வேண்டும், பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும், பணத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அனுப்பிய பிறகு வருடக்கணக்கில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஊரடங்கு சமயத்தில் அனுப்பப்பட்ட பெண்பிள்ளைகள் சிலரை அடுத்த தடவை நான் பார்த்தது கழுத்தில் தாலியோடு. இல்லத்தைப் பூட்டுவது ஒரு நாள் வேலை, பூட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பூட்டினால் அது குடும்பப் பராமரிப்பு ஆகாது, கைகழுவல். உங்கள் நண்பர் சொன்னதைக் கேட்டு ஊரே நாளைக்குக் கொடுப்பதை நிறுத்தினாலும் இதேதான் நடக்கும்.

நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிற இடமும் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று நன்கொடை வருகிற இடத்தில் தலைகளைக் கூட்டத்தான் தோன்றும். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் நடுவில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் ஏறியது, அங்கே பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஒன்றும் அந்த அளவுக்குக் கூடிவிடவில்லை, ஏறியது வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் அவர்கள் கொடுத்த டாலரும்தான். நம்மூரிலும் ஜூன் மாதம் மலைக்கிராமங்களுக்கு வேன் எடுத்துக்கொண்டு போய், "இங்கிலீஷ் மீடியம், எல்லாம் ஃப்ரீ" என்று பிள்ளை பிடித்து வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லா இல்லமும் அப்படியில்லை, நான் வேலை பார்த்த இல்லம் அப்படியில்லை. ஆனால் அங்கேயும் பிள்ளைகள் எண்ணிக்கை 30க்குக் கீழே போனால் நிர்வாகிக்கு முகம் வாடும், நன்கொடையாளரிடம் என்ன சொல்வது என்று. நானும் அந்தக் கவலையில் பங்கெடுத்திருக்கிறேன், வீட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடிய ஒரு பையனை, "இந்த வருஷம் இருக்கட்டும்" என்று நிறுத்திவைத்ததில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அப்பா அம்மாவிடம் முடியாதென்றால் அடுத்து என்ன? நமக்கு இது புதிதே இல்லை, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர்கள், பாட்டி வளர்த்தவர்கள் இல்லாத தெரு தமிழ்நாட்டில் எது? உறவினர் வீடுதான் இங்கே உள்ள மிகப் பெரிய பராமரிப்பு ஏற்பாடு. எந்தக் கணக்கிலும் வராமல், யாரும் ஒரு ரூபாய் கொடுக்காமல் நடந்து வந்தது. கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்து உறவினரிடம் இருக்கும் பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 3,000 ரூபாய் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. பிறகு 2025 செப்டம்பரில் அன்புக்கரங்கள் என்ற பெயரில், பெற்றோரை இழந்து உறவினர் வளர்க்கும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் வர ஆரம்பித்தது. பெரிய தொகையில்லைதான், ஆனால் "இவ சோத்துக்கு யாரு குடுக்கறது" என்று சித்தப்பா வீட்டில் எழும் பேச்சை அது கொஞ்சம் அடக்குகிறது, அதை நான் பார்த்திருக்கிறேன்.

உறவும் இல்லையென்றால் வளர்ப்புப் பராமரிப்பு. முன்பின் தெரியாத குடும்பம் ஒரு பிள்ளையைச் சில காலத்துக்கு ஏற்று வளர்ப்பது, அரசு அதற்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறது, தத்துப்போல உரிமை எதுவும் மாறாது. 2024 வழிகாட்டு நெறிகளின்படி திருமணம் ஆகாத, 35 வயதைத் தாண்டிய ஒருவர்கூட ஏற்கலாம். காகிதத்தில் அருமையான திட்டம், நம்மூரில் இன்னும் வேர் பிடிக்கவில்லை. விசாரிக்க வருபவர்கள் முதல் பத்து நிமிடத்தில் இரண்டு கேள்வி கேட்பார்கள். பிள்ளை என்ன சாதி, நாளைக்குச் சொத்தில் பங்கு கேட்குமா. மூன்றாவதாக, "அப்புறம் எங்களுக்கே குடுத்துடுவீங்களா?" பெற்றவள் உடம்பு தேறி வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றதும் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, பிரிவதற்கென்றே ஒரு பிள்ளையிடம் பாசம் வைப்பது லேசான காரியமில்லை. தத்து என்றால் வரிசையில் நிற்கிறார்கள், ஆனால் தத்துக் கொடுக்கலாம் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட பிள்ளைகள் கொஞ்சம்தான். 2024-25இல் நாடு முழுக்க நடந்த தத்து 4,515, அதுவே பல வருடங்களில் இல்லாத உயரம். லட்சக்கணக்கில் இல்லங்களில் இருப்பவர்களுக்குத் தத்து பதிலாகாது, அவர்களில் பலருக்குத்தான் தாய் இருக்கிறாளே.

குடும்பம் குடும்பம் என்று பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: சில பிள்ளைகளுக்கு வீடுதான் ஆபத்து. சொந்த அப்பாவால், மாமனால், அண்ணனால் பாதிக்கப்பட்ட பெண்பிள்ளைகளை இல்லத்தில் வைத்துத்தான் காப்பாற்றினோம். ஒரு பெண் வீட்டுக்குப் போகச் சொன்னாலே காய்ச்சல் வந்து படுத்துவிடுவாள், நாங்கள் மூன்று மாதம் கழித்துத்தான் காரணம் தெரிந்துகொண்டோம், அதற்குள் ஒரு தீபாவளிக்கு அவளை அனுப்பியும் இருந்தோம். எந்த வீடு பத்திரம், எந்த வீடு பத்திரமில்லை என்று இரண்டு தடவை போய்ப் பார்த்துச் சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இப்போது இல்லை. அதனால் சின்னதாக, நல்ல ஆட்களோடு, வெளியே கதவு திறந்திருக்கும் இல்லங்கள் கொஞ்சம் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது உங்கள் 3,000 ரூபாய். அந்த இல்லத்தோடு 8 வருடப் பழக்கம் இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். நிர்வாகியிடம் உட்கார்ந்து சாதாரணமாகக் கேளுங்கள்: பதிவுச் சான்று இருக்கிறதா, ஒவ்வொரு பிள்ளைக்கும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு இருக்கிறதா, வீட்டுக்குப் போய்ப் பார்க்கத் தனியாக ஆள் இருக்கிறாரா, போன வருடம் எத்தனை பேர் நிரந்தரமாக வீடு திரும்பினார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். நல்ல நிர்வாகி என்றால் பெருமையோடு எண்ணிக்கை சொல்வார், இல்லை எதனால் முடியவில்லை என்றாவது சொல்வார். "அதெல்லாம் எதுக்கு சார், நீங்க சாப்பாடு போடுங்க" என்றால் யோசியுங்கள். நாங்கள் கேட்டால் இன்ஸ்பெக்‌ஷன் என்று முறைப்பார்கள், அரிசி மூட்டை கொண்டுவருபவர் கேட்டால் பதில் வரும். பதில் நன்றாக இருந்தால் உங்கள் பணத்தை இதற்கென்றே கொடுங்கள்: மாதம் ஒருமுறை அம்மா பிள்ளையை வந்து பார்க்கப் பஸ் காசு, சமூகப்பணியாளர் வீடுகளுக்குப் போய்வரும் செலவு, பிள்ளை வீட்டுக்குத் திரும்பும் மாதத்தில் நோட்டுப் புத்தகமும் ஒரு மாத மளிகையும். அரிசிக்குக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பஸ் காசுக்குக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள், போட்டோவில் அது எடுபடாது.

உங்கள் தெருவிலோ கம்பெனியிலோ கணவனை இழந்த ஒரு பெண் பிள்ளைகளை ஹோமில் விடப் போவதாகச் சொன்னால், பணத்தைவிடப் பெரிய உதவி காகிதம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வருமானச் சான்று, பிள்ளை பேரில் வங்கிக் கணக்கு, எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக. ஸ்பான்சர்ஷிப்புக்கு வருமான வரம்பு கிராமத்தில் வருடம் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய். மனு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து ஒப்புதல் குழுவுக்கு. சம்பளத்தை விட்டுவிட்டு ஐந்து ஆபீஸ் ஏற அந்தப் பெண்ணால் முடியாது, நீங்கள் இரண்டு நாள் லீவு போட்டால் முடியும். பணம் வரத் தாமதமாகும் அந்த மாதங்களுக்கு உங்கள் 3,000 பாலமாக இருக்கட்டும், எத்தனை மாதம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கொடுங்கள். பிரச்சினை வெறும் படிப்பு மட்டும்தான் என்றால் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி, ஆதிதிராவிடர் நல விடுதி என்று இருந்து 2025இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாறிய அரசு விடுதிகள் இருக்கின்றன. விடுதி மாணவன் என்பதும் இல்லத்துப் பிள்ளை என்பதும் ஒன்றல்ல, விடுதிப் பிள்ளைக்குத் தன் வீடு எது என்பதில் குழப்பம் வராது. ஆபத்தில் இருக்கும் பிள்ளை கண்ணில் பட்டால் 1098, அது குழந்தைகள் உதவி எண். ஆஸ்பத்திரியில் யாரோ கொடுத்தார்கள் என்று நேரடியாகக் குழந்தையை வாங்கி வளர்ப்பது குற்றம், மூன்று வருடம் வரை சிறை உண்டு, இதை ஏன் சொல்கிறேன் என்றால் நல்ல மனதோடு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மகளைக் கூட்டிப்போகும் கேள்விக்கு வருகிறேன். இங்கே ஆராய்ச்சி எதுவும் என் கையில் இல்லை, 6 வருடம் உள்ளே இருந்த அனுபவம்தான். சில மாதங்களில் வாரத்துக்கு மூன்று பிறந்தநாள் வரும். மூன்று நாளும் பிரியாணி, மூன்று நாளும் வரிசையில் நின்று பாட்டுப் பாடி, ஜெபமோ பஜனையோ சொல்லி, கைதட்டி, கேக் வெட்டும் வரை இலையைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பையன் பள்ளிவிட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு, "இன்னிக்கு யாருக்கு பர்த்டே அண்ணா?" என்பான், இன்று என்ன கிழமை என்று கேட்கிற மாதிரி. அவனுடைய பிறந்த தேதி யாருக்கும் தெரியாது, பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் 1 என்று எழுதியிருந்தார்கள், அப்படி ஜூன் 1இல் பிறந்தவர்கள் எங்களிடம் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். உங்கள் மகள் வயதில் அங்கே பத்துப் பேர் இருப்பார்கள், அவர்களில் சிலர் அவள் படிக்கும் பள்ளிக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே படிப்பார்கள், நாளைக்கு வழியில் பார்த்துக்கொள்வார்கள்.

அதனால் நானாக இருந்தால் பிறந்தநாளுக்கு அவளைக் கூட்டிப்போக மாட்டேன், சாப்பாட்டை மட்டும் சமையல்கார அம்மாவிடம் முந்தின நாளே சொல்லி, யார் கொடுத்தது என்று அறிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள், அந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதே சட்டப்படி குற்றம், பலருக்கு இது தெரியாது. அவளும் ஏதாவது செய்ய ஆசைப்பட்டால், பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் கையில் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பை வேண்டும், வெல்லம், பச்சரிசி, முந்திரி, தம்பிக்கு ஒரு விளையாட்டுச் சாமான். 40 பை கட்ட வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும். ஊருக்குப் போகாமல் தங்கிவிடும் நாலைந்து பேர் இருப்பார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்பதை முன்னாலேயே நிர்வாகியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் கையில் இந்தப் பையைக் கொடுத்துவிடாதீர்கள்.